140 விளையாட்டு, ஒரு டீச்சர்

மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2024-ல் 'நவசேதனா' என்றொரு ஆவணத்தை வெளியிட்டது. பிறந்த குழந்தையிலிருந்து மூன்று வயது வரை எந்த மாதத்தில் என்ன விளையாடலாம், எப்படிப் பேசலாம் என்று சொல்லும் 36 மாத நாட்காட்டி. மொத்தம் 140 செயல்பாடுகள். அங்கன்வாடிப் பணியாளர்கள் வீட்டுக்குப் போகும்போது தாய்மாருக்குச் சொல்லித்தரவும், குழந்தைகள் காப்பகங்களில் செய்யவும் எழுதப்பட்டது. கொஞ்ச நாளாக இதை வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். விலை கொடுத்து வாங்கும் பொம்மை எதுவும் இல்லாமலே இதில் நிறைய செய்யலாம். டம்ளர், கரண்டி, பழைய துணி, மூடி போட்ட டப்பா போதும். அன்பு, பேச்சு, விளையாட்டு என்று மூன்றையும் ஒரே வரிசையில் வைத்திருப்பது சரியான யோசனை. வளர்ச்சி தாமதமாகும் குழந்தைகளை அடையாளம் காண்பதும் பேசப்படுகிறது. நம் ஊரில் ரெண்டு வயசுப் பிள்ளைக்கு பென்சிலைப் பிடிக்கக் கற்றுத்தருவதைத்தான் 'கல்வி' என்று நினைக்கிறோம். அந்த இடத்தில் ஒரு அரசு ஆவணம் 'கொஞ்சுங்க, பேசுங்க, விளையாடுங்க' என்று சொல்வது பெரிய விஷயம்.

என் விமர்சனம் வேறு இடத்தில். பொதுவாகவே இந்த வகைக் கையேடுகள் ஒரு செயல்பாட்டை என்னவாக நினைக்கின்றன என்பதில்தான் எனக்குச் சிக்கல். வயது, தேவையான பொருள், செய்முறை, வளரும் திறன். சமையல் குறிப்பு மாதிரி. ஆனால் கைக்குழந்தையோடு விளையாடுவது சமையல் குறிப்பில் அடங்குமா?

நண்டூருது நரியூருது விளையாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளங்கையில் பருப்பு கடைந்து, ஒவ்வொரு விரலாக மடக்கி, பிறகு கையில் நண்டு ஊர்ந்து அக்குளுக்குப் போகும். கையேட்டு மொழியில் எழுதினால் 'தொடு உணர்வு, மொழி வளர்ச்சி' என்று ஒரு வரியில் முடிந்துவிடும். ஆனால் பாட்டிகள் இதை விளையாடுவதைப் பாருங்கள். முழங்கை வரைக்கும் வந்த விரல் நிற்கும். பாட்டி குழந்தையின் முகத்தையே பார்ப்பாள். குழந்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும், கூச்சம் வருவதற்கு முன்னாலேயே சிரிக்க ஆரம்பிக்கும். அதற்கப்புறம்தான் விரல் நகரும். அடுத்து என்ன வரும் என்று குழந்தை ஊகிப்பதும், அந்த ஊகத்தைப் பெரியவர் கவனித்துப் பதில் சொல்வதும்தான் இங்கே கற்றல். அதற்கு முழு கவனத்தோடு ஒரு ஆள் எதிரில் உட்கார வேண்டும்.

இந்தத் துறையில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் ஜமைக்கா ஆய்வும் இதைத்தான் சொல்கிறது. 1986-87-ல் கிங்ஸ்டனில் சாலி கிரந்தாம்-மெக்ரெகர் குழுவினர், உயரம் குறைந்த 129 குழந்தைகளை வைத்துத் தொடங்கினார்கள். ஒரு பகுதிக் குழந்தைகளின் வீட்டுக்குச் சுகாதாரப் பணியாளர் வாரம் ஒரு மணி நேரம் போனார். கையால் செய்த விளையாட்டுப் பொருள்களோடு, தாயும் குழந்தையும் சேர்ந்து விளையாடப் பழக்கினார். இப்படி இரண்டு வருடம். இருபது வருடம் கழித்துப் பார்த்தபோது, இந்தக் கவனிப்பு கிடைத்தவர்களின் வருமானம் கிடைக்காதவர்களைவிட 25 சதவீதம் அதிகம். உலகம் முழுக்க இதைக் காட்டித்தான் செயல்பாட்டுப் பட்டியல்கள் அச்சாகின்றன. ஆனால் ஒரு குழந்தைக்கு வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கப்பட்ட ஒரு ஆள் இருந்தார் என்பதைப் பட்டியலோடு சேர்த்து யாரும் அச்சிடுவதில்லை.

போன வருஷம் நான் பார்த்த ஒரு அங்கன்வாடி. அன்றைக்கு வந்திருந்தவை 22 பிள்ளைகள். உதவியாளர் அடுப்படியில். டீச்சர் ஒரு கையில் போனில் வருகையைப் பதிவு செய்துகொண்டு, மறு கையால் அழுகிற பிள்ளையைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார். செயல்பாட்டுப் புத்தகம் பற்றிக் கேட்டேன். "புக்கு நல்லாத்தான் இருக்கு தம்பி. நான் ஒரு பிள்ளைகிட்ட உட்கார்ந்தா மிச்ச இருபத்தோரு பிள்ளைய யாரு பாக்குறது?" என்றார்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். தலைக்கு ஐந்து நிமிஷம் என்றாலே 110 நிமிஷம். காலை நேரம் போயே போச்சு.

அந்த டீச்சர் கேட்ட கேள்விக்குத் தமிழ்நாட்டிலேயே பதில் இருக்கிறது. கனிமியன், முரளிதரன், வால்டர்ஸ் மூவரும் இங்கே நான்கு மாவட்டங்களில் 640 அங்கன்வாடிகளை எடுத்துக்கொண்டார்கள். குலுக்கல் முறையில் பாதி மையங்களுக்கு முன்பருவக் கல்விக்கென்று அரைநேரப் பணியாளர் ஒருவரைக் கூடுதலாகக் கொடுத்தார்கள். கற்பிக்கும் நேரம் இரண்டு மடங்கானது. 18 மாதத்தில் கணக்கில் 0.29, மொழியில் 0.46 திட்டவிலக்க அளவு முன்னேற்றம். பழைய பணியாளருக்கு ஊட்டச்சத்து வேலைக்கு நேரம் கிடைத்ததால், வளர்ச்சிக் குறைவும் கடும் ஊட்டச்சத்துக் குறைவும்கூடக் குறைந்தன. இங்கே பெரிதாக மாறியது ஆள் எண்ணிக்கைதான்.

அந்தப் பிள்ளைகள் மூன்று வயதைத் தாண்டியவர்கள், நவசேதனா அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு என்று சிலர் சொல்லலாம். உண்மைதான். ஆனால் வயது குறையக் குறைய ஒரு பெரியவரால் பார்த்துக்கொள்ளக்கூடிய பிள்ளைகளின் எண்ணிக்கையும் குறையும். பத்து மாதக் குழந்தையிடம் 'வரிசையில் உட்காரு' என்று சொல்ல முடியாது.

ஒரு திருத்தமும் சொல்லிவிட வேண்டும். நம் மையங்களில் நல்ல செயல்பாடுகள் இல்லை, அதுதான் குறை என்று இதே பக்கத்தில் முன்பு எழுதியிருக்கிறேன். அது தப்பு. இப்போது 140 இருக்கிறது, எல்லாம் நல்லதாகவே இருக்கிறது. இப்படியே பட்டியல் நீள நீள, செய்யாத பழி டீச்சர் தலையில்தான் விழும். 'புக்கு கொடுத்தோம், டிரெயினிங் கொடுத்தோம், இவங்க செய்யல' என்று.

அடுத்த பதிப்பு எழுதுகிறவர்களிடம் என் கோரிக்கை சின்னதுதான். 140-ஐ 40 ஆக்குங்கள். ஒவ்வொன்றின் கீழும் மூன்று வரி சேருங்கள்: இருபது பிள்ளைகள் இருக்கும்போது இதை எப்படிச் செய்வது, அந்த நேரத்தில் மற்ற பிள்ளைகளை யார் பார்ப்பது, அன்றைக்கு எந்தப் பதிவேட்டை எழுதாமல் விடலாம். மூன்றாவது வரியை எழுத உட்காரும்போதுதான் இன்னொரு ஆள் வேண்டும் என்பது எழுதுகிறவர்களுக்கே புரியும்.