நிகண்டும் நெல்லிவாசலும்: குணச்சொற்கள் குறித்து ஒரு விசாரணை

ஆளுமை வளர்ச்சி என்னும் பெயரால் நடைபெறும் வகுப்புகளிலும் போட்டித் தேர்வுக் கையேடுகளிலும் அண்மைக் காலமாக ஓர் அபிப்பிராயம் மிகுந்த செல்வாக்குடன் உலவி வருகிறது. மனித குணங்களை நுட்பமாகப் பிரித்துச் சொல்லும் அடைமொழிகள் ஆங்கிலத்தில்தான் உண்டென்றும், தமிழில் 'நல்ல', 'கெட்ட' என்ற இரண்டைக் கடந்தால் பெயர்ச்சொல்லோடு 'ஆன' என்பதையோ 'உள்ள' என்பதையோ ஒட்டித்தான் காலந்தள்ள வேண்டியிருக்கிறதென்றும், ஆகவே குணம் ஒன்றுக்குப் பத்துச் சொல் வீதம் மாணாக்கன் நெட்டுருப் போடுவதே உய்யும் வழியென்றும் அது சாதிக்கும். ஆல்போர்ட், ஆட்பெர்ட் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் 1936இல் வெப்ஸ்டர் அகராதியைத் துருவி 17,953 சொற்களைத் திரட்டியது இதற்குச் சாட்சியாக வரும். அவற்றுள் நிலைபெற்ற குணத்தைக் குறிப்பவை என்று அவர்களே ஒதுக்கியவை ஏறத்தாழ 4,500தான் என்பதைச் சொல்வோர் இல்லை. மற்றவை அந்தந்த நேரத்து மனநிலையும், பிறர் கூறும் புகழும் இகழும், இன்னபிறவும்.

இந்த வாதத்தின் முதற்பாதி அறியாமை; பிற்பாதி அதனினும் கேடு.

தொல்காப்பியத்தைப் பயின்றவர்களுக்கு உரியியலையும் மெய்ப்பாட்டியலையும் நான் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. உறு, தவ, நனி என்ற மூன்றையும் மிகுதி என்னும் ஒரு பொருளின்கீழ் நிறுத்திய இடத்திலேயே ஒருபொருட் பன்மொழிக் கல்வி தொடங்கிவிடுகிறது. ஆனால் குணச்சொற்களைப் பொறுத்தவரை உண்மையான ஆசான் வள்ளுவரே. சுறுசுறுப்பு என்று கையேடு ஒரே வரியில் முடித்துவிடும் விஷயத்துக்கு அவர் 60, 61, 62 என அடுத்தடுத்து மூன்று அதிகாரங்கள் வகுத்து, ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை என்று பெயரிட்டார். உள்ளத்தின் எழுச்சி ஒன்று. எழுந்த உள்ளத்தில் சோம்பல் புகவிடாமை மற்றொன்று. கையும் காலும் இடைவிடாது உழைப்பது வேறொன்று. முதலாவது மட்டும் வாய்த்தவர்களை நாம் தினமும் காண்கிறோம். அவ்வாறே 84ஆம் அதிகாரம் பேதைமை, 85ஆம் அதிகாரம் புல்லறிவாண்மை. இரண்டுக்கும் 'முட்டாள்தனம்' என்று உரை எழுதி நகர்ந்துவிடலாம். பரிமேலழகர் அப்படி நகரவில்லை. சிற்றறிவுடையவன் தன்னைப் பேரறிவாளனாக மதித்துக்கொண்டு பெரியோர் சொல்லும் உறுதிமொழியை ஏலாதிருப்பதே பின்னது என்று அவர் வரம்பு கட்டினார். ஒத்த சொற்களை அடுத்தடுத்து வைத்து அவற்றின் வித்தியாசத்தால் விளங்கச் செய்யும் இந்த முறையைத்தான் நம் கல்வி பின்னாளில் அநியாயமாகக் கைவிட்டது.

கைவிட்டது எவ்வாறு என்பதற்கு நிகண்டுகளின் வரலாற்றைப் பார்க்க வேண்டும். சேந்தன் திவாகரத்தின் பன்னிரண்டு தொகுதிகளுள் எட்டாவது பண்பு பற்றிய பெயர்த்தொகுதி. பிங்கலம் அதன் வழியில் விரிந்தது. திவாகரமும் பிங்கலமும் நூற்பாவில் அமைந்தவை. பதினாறாம் நூற்றாண்டில் மண்டலபுருடர் என்னும் ஜைனப் புலவர் சூடாமணி நிகண்டை விருத்தத்தில் இயற்றியதும், திண்ணைப் பள்ளிச் சிறுவர்களின் நாவில் அது நிரந்தரமாகக் குடியேறியது. ஆறுமுக நாவலர் 1849இல் சென்னைக்கு வந்து அச்சிட்ட நூல்களுள் சூடாமணி நிகண்டுரையும் ஒன்று என்பதிலிருந்தே அதற்கிருந்த தேவை புலப்படும். இந்தக் கிரந்தங்களை இகழ்வது என் நோக்கமன்று. எதுகையும் மோனையும் தேடும் கவிராயருக்கு ஒரே பொருளில் எட்டுச் சொல் கையிருப்பில் இருத்தல் அவசியம். அந்த எட்டுக்கும் இடையேயுள்ள பேதத்தை நிகண்டு மறைத்தது அவருக்கு உபகாரம். வீரமாமுனிவர் 1732இல் தொகுத்த சதுரகராதியில் பெயர், பொருள், தொகை என்ற மூன்றோடு நான்காவதாகத் தொடை நிற்பது அதே தேவைக்காகத்தான். தவறு நிகண்டினுடையதன்று, செய்யுள் இயற்றாத தலைமுறைக்கும் செய்யுள் இயற்றுவோனின் கருவியையே புகட்டிய பள்ளிக்கூடங்களுடையது. இக்காலக் கையேட்டில் 'அன்பு, பரிவு, இரக்கம், கருணை, அருள், தயை' என்று காற்புள்ளியிட்டு அடுக்கிய வரி, ஓசை நயமும் உதிர்ந்துபோன நிகண்டு. தொடர்புடையார்மேல் செல்வது அன்பு, தொடர்பு நோக்காமல் எல்லா உயிர்மேலும் செல்வது அருள் என்ற பாலபாடத்தை அந்தக் காற்புள்ளி விழுங்கிவிட்டது.

சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ் லெக்சிகன், 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்து, 1939இல் அநுபந்தமும் பெற்ற மகத்தான காரியம். ஆயினும் மக்கள் நாவில் வழங்கும் சொற்கள் பலவற்றை அது 'உள்ளூர் வழக்கு' என்று பொதுப்படக் குறியிட்டுவிட்டு, எந்த ஊர் என்று கூறாமலே அகன்றது. அந்த அசிரத்தைக்குப் பிராயச்சித்தம் செய்தவர்கள் நாவலாசிரியர்கள். கி. ராஜநாராயணன் 1982இல் கரிசலுக்கும், பெருமாள்முருகன் 2000இல் கொங்குக்கும், கண்மணி குணசேகரன் 2007இல் நடுநாட்டுக்கும் அகராதி கண்டார்கள். க்ரியாவின் அகராதி 1992இல் சொல்லோடு எடுத்துக்காட்டு வாக்கியத்தையும் கொடுத்துப் புதுநெறி காட்டியது. சென்ற நூற்றாண்டின் கடைசிப் பகுதி தொடங்கித் தமிழ் அகராதிக் கலை கண்ட முன்னேற்றம் பெரும்பாலும் வகுப்பறைக்கு வெளியே நிகழ்ந்தது என்று சொல்ல நான் தயங்கமாட்டேன்.

வகுப்பறைக்கு வெளியே வாழும் அந்தச் சொல்வளத்தைக் காட்ட, இனி மலைக்கு வருகிறேன். ஜவ்வாது மலையில் புதூர்நாடு, புங்கம்பட்டுநாடு, நெல்லிவாசல்நாடு என மூன்று நாடுகள் திருப்பத்தூரைச் சார்ந்தவை. மலையாளிப் பழங்குடியினர் தமிழே பேசி வாழும் பிரதேசம். மலையை அடுத்த செங்கத்தை ஆண்ட நன்னனைப் பாடிய மலைபடுகடாம், வழியிலுள்ள மலைமக்களின் விருந்தோம்பலை அடைமொழிகளால் அன்றி அவர்கள் செய்யும் செயல்களால் விளக்குவது இங்கே சிந்திக்கத்தக்கது. சாமைக்கொல்லைகளின் நடுவே இருக்கும் ஒரு வகுப்பறையில் 'பிடிவாதம்' என்ற சொல்லுக்கு ஒத்த சொல் கேட்டால் கையேடு கற்ற பிள்ளை விழிக்கும். அதே பிள்ளை வீட்டில், தம்பி பண்டத்துக்கு அழுதால் அடம் என்றும், மாடு ஏருக்கு வராவிட்டால் முரண்டு என்றும், பங்காளி தனக்கே நஷ்டம் வந்தாலும் இறங்கிவராவிட்டால் வீம்பு என்றும், ஆத்தா விதைச் சாமையைப் பஞ்சத்திலும் தொடாமல் காத்தால் விடாப்பிடி என்றும் ஒரு சொல்லும் பிசகாமல் சொல்லும். நான்கையும் ஒன்றுக்கொன்று மாற்றிவைத்தால் கேட்பவர் சிரிப்பர். வெள்ளந்தியையும் பேதையையும், சிக்கனக்காரனையும் கருமியையும், அமரிக்கையானவளையும் அழுத்தக்காரியையும் பிரித்தறிய அந்தப் பிள்ளைக்கு எந்த வகுப்பும் தேவைப்பட்டதில்லை. 'காரன்', 'காரி' என்ற விகுதிகளும் 'ஆன' என்ற ஒட்டும் தமிழின் வறுமைக்கு அடையாளமல்ல. எந்தக் குணப்பெயரையும் ஆளின்மேல் ஏற்ற வல்ல எளிய ஏற்பாடு அது.

ஆகவே குணச்சொற்களைக் கற்பிக்க விரும்புவோர் பட்டியலை மூடிவைத்துவிட்டு, திருக்குறள் அதிகாரப் பெயர்களை ஒருபுறமும் ஊர்வழக்கை மறுபுறமும் வைத்துக்கொண்டு தொடங்கலாம். மலைநாடுகளில் பணிபுரியும் தமிழாசிரியர்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. கரிசலுக்கும் கொங்குக்கும் கிடைத்த அகராதி நெல்லிவாசலுக்கும் கிடைக்க வேண்டுமானால், பிள்ளைகள் வாயிலாகவே வீட்டுக் குணச்சொற்களைத் திரட்டுங்கள். ஒவ்வொரு சொல்லோடும், யார் யாரைப் பற்றி, எந்தச் சந்தர்ப்பத்தில், மெச்சியா வைதா சொன்னார் என்று ஒரு முழு வாக்கியத்தையும் எழுதிவையுங்கள். வாக்கியம் இல்லாத சொல்லைச் சேர்க்க வேண்டாம்.