மூன்று துறைகளும் ஒரு கரையும்

தொழில்நுட்பமும் சமுதாய மாற்றமும் என்ற பொருள் குறித்துக் கடந்த முப்பது ஆண்டுகளில் வெளிவந்துள்ள ஆய்வுகள் ஏராளம். பொருளியலார் விலையையும் வருவாயையும் அளந்தனர். சட்ட அறிஞர்கள் உரிமையையும் விதியையும் ஆராய்ந்தனர். உளவியலார் மனத்தையும் நடத்தையையும் சோதித்தனர். இவ்வாய்வுகள் நூலகங்களோடு நின்றுவிடுவதில்லை. அரசின் திட்டங்களாகவும் கடன் நிறுவனங்களின் நிபந்தனைகளாகவும் உருமாறி எளிய மக்களின் வாசலுக்கு வந்து சேர்கின்றன. எனவே அவை எதைப் பார்க்கின்றன, எதைப் பார்க்கத் தவறுகின்றன என்று எடைபோடுவது கற்றோர் அனைவரின் கடமையாகும்.

அந்த எடைபோடலுக்குக் கீழவாஞ்சூரை ஒரு துலாக்கோலாகக் கொள்வோம். நாகூருக்கு வடக்கே, திருமலைராயன்பட்டினம் கொம்யூனுக்கு உட்பட்ட கடற்கரைச் சிற்றூர் அது. காரைக்கால் நிலப்பகுதி முடிந்து தமிழ்நாடு தொடங்கும் எல்லை அதன் அருகிலேயே செல்கிறது. கட்டுமரம் போய் ஃபைபர் படகு வந்ததையும், கரையில் கூவி விலை கேட்ட காலம் போய்ச் செல்பேசி வந்ததையும் இக்கரை கண்டிருக்கிறது. 2006இல் ஒப்பந்தமாகி 2009இல் இயங்கத் தொடங்கிய காரைக்கால் தனியார் துறைமுகமும் இங்கேதான் அமைந்துள்ளது. மாற்றத்தின் பல அலைகள் ஒரே மணலில் மோதிய இடம் என்பதால், மூன்று துறைகளின் கூற்றுகளையும் இங்கே உரசிப் பார்க்க இயலும்.

விலை அறிந்தும் விற்க இயலாதவர்

பொருளியலில் இத்துறையின் புகழ்பெற்ற ஆய்வு நம் அண்டை மாநிலமான கேரளத்தில் நடந்தது. அமெரிக்கப் பொருளியலாளர் ராபர்ட் ஜென்சன் 2007இல் வெளியிட்ட அக்கட்டுரை, 1996 முதல் 2001 வரை வடகேரளக் கரைகளில் மத்தி மீன் விற்பனையை வாரந்தோறும் பதிவு செய்தது. செல்பேசி வருமுன் ஒரு கரையில் வாங்க ஆளின்றி மீனைக் கடலில் கொட்டினர். சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள மற்றொரு கரையில் மீனின்றி வணிகர் வெறுங்கையுடன் திரும்பினர். செல்பேசி வந்தபின் மீனவர் கடலிலிருந்தே விலை கேட்டு, எந்தக் கரைக்குச் செல்வது என்று முடிவெடுத்தனர். மீன் வீணாவது ஏறத்தாழ நின்றது. மீனவரின் இலாபம் 8 விழுக்காடு உயர்ந்தது. நுகர்வோர் கொடுத்த விலை 4 விழுக்காடு குறைந்தது.

இவ்வாய்வின் நேர்த்தியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. செல்பேசி படிப்படியாக வட்டாரம் வட்டாரமாக வந்ததைப் பயன்படுத்தி, காரணத்தையும் விளைவையும் அது தெளிவாகப் பிரித்துக் காட்டியது. ஆனால் அதன் முடிவு உலகெங்கும் ஒரு வாய்பாடாக ஓதப்பட்டது. 'தகவலைக் கொடுங்கள், சந்தை மற்றதைப் பார்த்துக்கொள்ளும்' என்பதே அவ்வாய்பாடு. பின்னர் ஜானகி ஸ்ரீநிவாசனும் ஜென்னா பரெலும் கேரளக் கரைக்கே மீண்டும் சென்று ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட கட்டுரை இதனை மறுபரிசீலனை செய்தது. மீனவர் எங்கே விற்கிறார் என்பதை விலைத் தகவல் மட்டும் தீர்மானிப்பதில்லை. மீன்பிடி முறையும் சந்தையின் அமைப்பும் கடன் உறவும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன என்று அவர்கள் காட்டினர்.

நம் கரையை அறிந்தவர்க்கு இது வியப்பளிக்காது. படகுக்கும் எஞ்சினுக்கும் வணிகரிடம் முன்பணம் பெற்ற மீனவர், பிடித்த மீனை அவர் வழியாகவே ஏலத்திற்கு விட வேண்டும் என்பது சோழமண்டலக் கரையின் நீண்டநாள் வழக்கம். அவருடைய கையிலும் செல்பேசி உண்டு. அடுத்த துறையின் விலையும் அவருக்குத் தெரியும். தெரிந்த விலைக்கு விற்கும் சுதந்திரம்தான் இல்லை.

இங்கே நம் மரபின் ஒரு விதியை நினைவுகூர்வது பொருந்தும். சந்தை நிலவரம் அறியாமல் சரக்குடன் வரும் வணிகக் கூட்டத்தாரை வழியிலேயே எதிர்கொண்டு வாங்குவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அவ்வாறு விற்றுவிட்டவர் சந்தைக்கு வந்து உண்மை விலையை அறிந்தால், அவ்விற்பனையை முறித்துக்கொள்ளும் உரிமை அவருக்கு உண்டு. ஃபிக்ஹு நூல்கள் இதனைக் 'கியார்' என்னும் தெரிவுரிமையின் கீழ் விளக்குகின்றன. அறியாமை ஓர் அநீதிக்கு வழியாகிறது என்பதைக் கண்ட அவ்விதி, அறிவைக் கொடுப்பதோடு நின்றுவிடவில்லை. அறிந்தபின் விலகிக்கொள்ளும் உரிமையையும் சேர்த்தே கொடுத்தது. ஜென்சனின் ஆய்வு முதற்பாதியை அளந்தது. இரண்டாம் பாதியை அது கேள்வியாகவே எழுப்பவில்லை. விலகும் உரிமை யாருக்கு உண்டு என்ற இவ்வினாவையே ஏனைய இரு துறைகளுக்கும் நாம் உரைகல்லாகக் கொள்வோம்.

ஒரே கடல், பல விதிகள்

பொருளியலார் மறந்த ஒன்றைச் சட்ட ஆய்வாளருள் சிலர் கண்டுகொண்டனர். நெதர்லாந்து ஆய்வாளர் மார்ட்டன் பாவிங்க் தமிழகக் கடற்கரையில் களப்பணி செய்து 2001இல் வெளியிட்ட நூல், கடலை அரசின் சட்டம் மட்டும் ஆள்வதில்லை என்பதை விரிவாக எடுத்துரைத்தது. புதிய வலை ஒன்று கரைக்கு வரும்போது மீனவர் ஊர்ப் பஞ்சாயத்து கூடி அதனை ஆராய்கிறது. மீன்வளத்திற்கு அது கேடா, பிறருடைய தொழிலுக்கு இடையூறா, ஊரின் பெரும்பான்மைக்கு நட்டமா என்று வினவி, வேண்டாம் என்றால் தடுத்தும் விடுகிறது. தொழில்நுட்பத்தை எடைபோடும் ஓர் அவை எழுத்தில் இல்லாமலேயே இயங்கி வந்தது என்பதே இதன் பொருள். அவ்வவையில் பெண்களுக்கு இடமில்லை என்ற குறை பெரிது. மீனைத் தலைச்சுமையாய் விற்று வந்த பெண்களின் இழப்பு அங்கே கணக்கில் வருவது அரிது. ஆயினும் 'வேண்டாம்' என்று சொல்லும் ஓர் இடம் இருந்தது.

அரசின் சட்டத்தில் அந்த இடம் எங்கே என்று தேடினால் கிடைப்பது குழப்பமே. சுருக்குமடி வலையைத் தமிழக அரசு 2000ஆம் ஆண்டில் தடை செய்தது. வழக்குகள் நீண்டு, 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு ஒன்றைப் பிறப்பித்தது. 12 கடல் மைலுக்கு அப்பால், வாரத்தில் திங்கள், வியாழன் ஆகிய இரு நாட்கள் மட்டும், காலை 8 முதல் மாலை 6 மணி வரை அவ்வலையைப் பயன்படுத்த அது அனுமதித்தது. மைலும் மணியும் வகுத்த இவ்வுத்தரவு, வாஞ்சூர் எல்லைக்கு இருபுறமும் வெவ்வேறு நிர்வாகத்தின் கீழ் வாழ்ந்து ஒரே கடலில் தொழில் செய்வோரிடையே எழும் பகையை எவ்வாறு தீர்க்கும்? மீன் எல்லைக்கோட்டை அறியாது. அலையும் கிழமையை அறியாது.

இன்னொரு சான்று, படகுகளில் பொருத்தப்படும் டிரான்ஸ்பாண்டர் கருவி. நாடு முழுவதும் ஒரு இலட்சம் படகுகளில் இதனைப் பொருத்தும் திட்டத்தை மத்திய அரசு 2024 ஆகஸ்டில் தொடங்கி வைத்தது. புயல் எச்சரிக்கை தரவும், ஆபத்தில் உதவி கோரவும், கடல் எல்லை நெருங்குவதை உணர்த்தவும் இக்கருவி பயன்படும். இலங்கைக் கடற்படையிடம் சிக்கித் தவிக்கும் காரைக்கால் மீனவருக்கு இது சிறிய உதவியன்று. ஆனால் மீன்படும் இடம் எது என்பது ஒரு மீனவரின் வாழ்நாள் அனுபவம். தந்தையிடமிருந்து மகன் பெறும் சொத்து. படகின் போக்கு நாள்தோறும் பதிவாகும்போது அச்சொத்து யாருடையது ஆகிறது? தனிமறைவு அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். அத்தீர்ப்பைப் பற்றி எழுதிக் குவித்த நம் சட்ட ஆய்வுகள் நகரத்துக் குடிமகனின் வங்கிக் கணக்கையும் கைப்பேசியையுமே பெரும்பாலும் மனத்திற்கொண்டன. படகு அவற்றின் கண்ணில் பட்டது மிகக் குறைவு.

துறைமுகத்தின் கதை இதனினும் தெளிவானது. நிலக்கரித் தூசு பற்றி நாகூர், வாஞ்சூர் மக்கள் பல்லாண்டுகளாக முறையிட்டு வந்துள்ளனர். துறைமுக நிறுவனம் கடனில் மூழ்கியபோது நொடிப்புச் சட்டம் குறுக்கிட்டது; தீர்ப்பாயத்தின் ஒப்புதலோடு 2023இல் அதானி நிறுவனம் 1,485 கோடி ரூபாய்க்கு அதனை ஏற்றது. கடன் கொடுத்தோருக்கு அச்சட்டத்தில் குழு உண்டு, வாக்கு உண்டு. தூசைச் சுவாசித்த அண்டை வீட்டாருக்கு அக்குழுவில் இருக்கை இல்லை. பொருளியலார் சரக்கின் எடையைக் கணக்கிட்டனர்; சட்டத்தார் சொத்து கைமாறியதைக் கணக்கிட்டனர். ஊர் இரு கணக்கிலும் விடுபட்டது.

யாருடைய மனம்?

உளவியலின் குறை வேறு வகையானது. அத்துறை மனித மனம் என்று பேசும்போது எந்த மனிதரைச் சோதித்துப் பேசுகிறது என்ற வினாவை ஜோசப் ஹென்ரிக்கும் இரு சக ஆய்வாளரும் 2010இல் எழுப்பினர். முன்னணி இதழ்களின் ஆய்வுகளில் பங்கேற்றோரில் ஏறத்தாழ 96 விழுக்காட்டினர், உலக மக்கள்தொகையில் 12 விழுக்காடே வாழும் மேலைத் தொழில்வள நாடுகளைச் சேர்ந்தவர்கள் என்பதை அவர்கள் எடுத்துக்காட்டினர். செல்பேசியும் இணையமும் மனத்தை எப்படி மாற்றுகின்றன என்ற ஆய்வுகளும் இக்குறைக்கு விலக்கல்ல.

நம் கரைக்கு மிக நெருங்கிய உளவியல் வினாவைப் பொருளியலார்தாம் எழுப்பினர் என்பது சுவையான முரண். உரி நீசி, ஆண்ட்ரியாஸ் லைப்பிராண்ட், ஜான் லிஸ்ட் ஆகியோர் பிரேசிலில் அருகருகே உள்ள இரு மீனவச் சமூகங்களை ஒப்பிட்டனர். ஏரியில் தனித்தனியே மீன்பிடிப்போரைவிடக் கடலில் குழுவாகத் தொழில் செய்வோரிடம் நம்பிக்கையும் ஒத்துழைப்பும் மிகுந்திருந்தன என்பது அவர்கள் கண்ட முடிவு. தொழிற்கருவியே மனப்பாங்கை வளர்க்கிறது என்றால் நம் கரையில் எழும் வினா எளிதன்று. இருவரோ மூவரோ சென்ற கட்டுமரத்திலிருந்து பலர் செல்லும் பெரிய வலைக்கு மாறியபோது ஒற்றுமை வளர்ந்ததா, அல்லது கூலியாள், முதலாளி என்ற பிளவு வளர்ந்ததா? 2004க்குப் பின் நிவாரணமாகப் படகுகள் வந்து குவிந்தன. அவற்றைப் பெற்றவர்க்கும் பெறாதவர்க்கும் இடையே நம்பிக்கை என்னவாயிற்று? இவற்றை ஆராய்வதற்குரிய களம் இங்கே கண்முன் விரிந்து கிடக்கிறது.

ஆழிப்பேரலைக்குப் பின் வந்த உளவியலார் பலர் வினாத்தாளோடு வந்து நோயின் அளவைக் கணக்கிட்டனர். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் நான்கு கிராமங்களில் மக்களை அமரவைத்துப் பேசவிட்டு 2008இல் வெளியிட்ட ஆய்வு இவற்றினின்று வேறுபட்டது. குடும்பம், இறைநம்பிக்கை, ஊர்க்கட்டு ஆகியவற்றின் துணையால் மக்கள் துயரைத் தாங்கினர் என்பதை அது பதிவு செய்தது. அளக்கப்படும் பொருளாக மட்டுமின்றி, அறிந்து சொல்வோராகவும் மக்களை மதித்ததே அதன் சிறப்பு.

நல்லவாடு தரும் பாடம்

மூன்று துறைகளும் ஒன்றாக ஆராய்ந்திருக்க வேண்டிய ஒரு நிகழ்வு புதுவைப் பகுதியிலேயே நடந்தது. சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் புதுவைக் கிராமங்களில் அறிவு மையங்களை அமைத்தது. புதுவை அருகிலுள்ள நல்லவாடு என்னும் மீனவ ஊரிலும் அத்தகைய மையம் ஒன்று இருந்தது. ஊருக்கு அறிவிப்பு செய்ய அங்கே ஒலிபெருக்கியும் இருந்தது. 2004 டிசம்பர் 26 காலையில், சிங்கப்பூரில் பணியாற்றிய அவ்வூர் இளைஞர் ஒருவர் செய்தியறிந்து வீட்டுக்குத் தொலைபேசியில் எச்சரித்தார். ஊரார் மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவித்தனர். மக்கள் மேட்டை நோக்கி ஓடி உயிர் தப்பினர். அதே காலையில் நாகை மாவட்டம் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களை இழந்தது.

இதனைத் தொழில்நுட்பத்தின் வெற்றி என்று மட்டும் சொல்வது பாதி உண்மை. தொலைபேசி நாகையிலும் இருந்தது, ஒலிபெருக்கியும் இருந்தது. நல்லவாட்டில் அக்கருவி ஊரின் உடைமையாகக் கருதப்பட்டது; தேவைப்பட்ட கணத்தில் ஊரார் எவர் அனுமதிக்கும் காத்திராமல் அதனைக் கையிலெடுத்தனர்; அதிலிருந்து வந்த குரலை மக்கள் நம்பினர். கருவியும் உரிமையும் நம்பிக்கையும் ஓரிடத்தில் கூடின. பொருளியலார் முதலாவதையும், சட்டத்தார் இரண்டாவதையும், உளவியலார் மூன்றாவதையும் தனித்தனியே எடுத்துச் சென்றால் நல்லவாடு எவருக்கும் விளங்காது.

1377இல் முகத்திமாவை எழுதிய இப்னு கல்தூன் தொழிலையும் வரியையும் ஆட்சியையும் மக்களின் குழுவுணர்வையும் ஒரே நூலில் ஆராய்ந்தார். அன்று துறைகள் பிரியவில்லை என்று அதற்குக் காரணம் சொல்லலாம். ஆனால் சமுதாயம் பிரிந்து வாழ்வதில்லை என்பதே முதன்மையான காரணம் என நாம் கருதுகிறோம். துறைப் பிரிவினையால் நுட்பம் வளர்ந்தது உண்மை. அதனை நாம் இழக்க வேண்டியதில்லை. ஒவ்வோர் ஆய்வும் தன் முடிவுரைக்கு முன் ஒரு வினாவுக்கு விடை சொல்லட்டும்: இக்கருவி வேண்டாம் என்றோ, இவ்வாறு வேண்டாம் என்றோ சொல்லும் உரிமை இம்மக்களுக்கு இருந்ததா?

காரைக்காலிலும் நாகூரிலும் திருமலைராயன்பட்டினத்திலும் நம் பிள்ளைகள் இன்று பொருளியலும் சட்டமும் உளவியலும் பயில்கின்றனர். ஆய்வுப் பட்டத்திற்குப் பொருள் தேடும் அவர்களுக்கு நாம் சொல்லக்கூடியது ஒன்றே. கேரளக் கரையைப் பற்றி அமெரிக்காவில் எழுதப்பட்டதைக் கற்றுக்கொள்ளுங்கள். பிறகு வாஞ்சூர்க் கரையில் ஏலம் நடக்கும் அதிகாலையில் சென்று நில்லுங்கள். விலை என்ன என்று கேட்பதோடு நிறுத்திவிடாமல், யாரிடம் எவ்வளவு முன்பணம் என்றும் கேளுங்கள். அங்கே கிடைக்கும் விடையிலிருந்து தொடங்கும் ஆய்வுக்காக அக்கரை நெடுநாளாகக் காத்திருக்கிறது.