காயஸும் கெராசிமும்

டால்ஸ்டாயின் 'இவான் இலியிச்சின் மரணம்' (1886) குறுநாவலைப் பொறியியல் படிக்கும்போது முதலில் வாசித்தேன். மனிதர் எல்லாரும் இறப்பவர்கள், காயஸ் மனிதன், ஆகவே காயஸ் இறப்பான். சுத்தமான லாஜிக். நீதிபதி இவானும் இதைப் படித்து ஒப்புக்கொண்டவர்தான். ஆனால் காயஸ் வேறு, நான் வேறு என்று அவர் மனம் முரண்டுபிடிக்கிறது. சின்ன வயசில் விளையாடிய தோல்பந்தின் வாசனை காயஸுக்குத் தெரியுமா என்ன? சிரித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினேன்.

போன வருஷம் அப்பாவின் கட்டிலருகே உட்கார்ந்து மறுபடி படித்தேன். "ஒண்ணுமில்லப்பா, சரியாயிடும்" என்று நாங்கள் மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்த நாட்கள். அவரும் தலையாட்டுவார். வலியைவிட இந்தப் பொய்தான் இவானை வதைக்கிறது என்று வரும் இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். மறுநாள்தான் திறந்தேன்.

பணியாள் கெராசிம் மட்டும் பொய் சொல்வதில்லை. எல்லாரும் ஒருநாள் சாகப்போகிறவர்கள்தானே, இந்தச் சிரமத்தைப் பட்டால் என்ன என்கிறான். இரவெல்லாம் எஜமானின் கால்களைத் தோளில் தாங்கிக்கொள்கிறான். காயஸைப் பற்றிய அதே வாக்கியம்தான்! பாடப்புத்தகத்தில் யாருக்கோ சொன்னது, இவன் வாயில் ஆறுதலாகிவிடுகிறது.

கடைசியில் மரணம் இருந்த இடத்தில் ஒளி வருவதை இப்போதும் என்னால் நம்ப முடியவில்லை. டால்ஸ்டாய் அவசரப்பட்டுவிட்டார். பயத்தில் பாதி அந்தத் தோளிலேயே இறங்கியிருந்தது.

அன்று ராத்திரி, "பயமா இருக்காப்பா?" என்று கேட்டேன்.

"ஆமாடா."

"எனக்கும்தான்" என்றேன். அவர் கால்களை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.