ஆற்றுப்படை நூல்களில் நகையும் வழிக்குறிப்பும்: எதிர்ப்பட்டோர் உறவு குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

பத்துப்பாட்டுள் ஆற்றுப்படை வகையைச் சார்ந்தவை ஐந்து. அவற்றுள் திருமுருகாற்றுப்படை இறைவனிடம் ஆற்றுப்படுத்துவது. ஏனைய நான்கும், பரிசில் பெற்று மீளும் கலைஞன் ஒருவன் வறுமையோடு எதிர்வரும் மற்றொரு கலைஞனைத் தான் கண்ட வள்ளலிடம் வழிப்படுத்துவனவாக அமைந்துள்ளன. பெற்ற வளத்தைப் பெறாதவர்க்கு அறிவித்தல் என்று தொல்காப்பியப் புறத்திணையியல் இத்துறைக்கு இலக்கணம் வகுக்கிறது. புரவலர் புகழ் பாடுதலே இந்நூல்களின் நோக்கம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. அது தவறன்று. ஆயினும் அக்கருத்து மட்டும் இந்நூல்களை முழுமையாக விளக்கிவிடாது. முன்பின் அறியாத இருவர் வழியிடைச் சந்திக்கும்போது ஒருவர் சொல்லை மற்றவர் எதனால் நம்புகிறார் என்னும் வினாவிற்கும் இவை விடை தருகின்றன. தன் வறுமையைத் தானே நகைத்துக் கூறுவதும், பயன்தரும் வழிக்குறிப்புகளை ஈவதும் அந்நம்பிக்கையின் இரு கூறுகள் என்பதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வறுமையும் நகையும்

எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கும் நகையின் நிலைக்களன்கள் என்று தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் கூறும். ஆற்றுப்படையில் எள்ளலுக்கு உரியவன் எதிர்வருபவன் அல்லன்; பேசுபவனே தன்னை எள்ளிக்கொள்கிறான். 248 அடிகளைக் கொண்ட பொருநராற்றுப்படையில் பொருநன் தான் முன்பு உடுத்திருந்த கந்தலை நினைவுகூர்கிறான். அதில் ஈரும் பேனும் குடிகொண்டிருந்தன. வேர்வையில் நனைந்து, வேற்று நூலால் பலகால் தைக்கப்பட்டிருந்தது. கரிகாலன் அதனை நீக்கிப் பாம்பின் தோலையொத்த மெல்லாடை தந்தான். அவன் மனையில் பகலும் இரவும் ஊன் தின்றதால், கொல்லையை உழுத கொழுப்போலத் தன் பற்கள் மழுங்கிப்போயின என்றும் கூறுகிறான். அரசனின் கொடையைச் சொல்ல வேறு உவமைகள் இருந்திருக்கும். முடத்தாமக்கண்ணியார் தேர்ந்ததோ, உண்டவனைச் சற்றே நகைப்பிற்கு உரியவனாக்கும் உவமை.

269 அடிகளையுடைய சிறுபாணாற்றுப்படை காட்டும் அடுக்களையில் நகைக்கு இடமில்லை. கண் திறவாத குட்டிகள் பால் வற்றிய முலையைப் பற்றத் தாய்நாய் நோவு பொறாது குரைக்கிறது. கிணைமகள் குப்பையில் முளைத்த வேளைக்கீரையைப் பறித்து உப்பின்றி வேகவைத்து, பிறர் கண்டு இகழ்வரோ என நாணிக் கதவடைத்துச் சுற்றத்தோடு உண்கிறாள். அன்று கதவடைத்து மறைத்ததை இன்று வழியிடைக் கண்ட புதியவனிடம் பாணன் மறைக்காது உரைக்கிறான். நாணம் நீங்கிய இந்நிலையே கருதத்தக்கது. கேட்பவன் வீட்டிலும் அதே அடுக்களை உண்டு என்பதைச் சொல்பவன் அறிவான்.

ஆற்றுப்படை அல்லாத புறநானூற்று 378ஆம் பாடல் இம்மனநிலையை மேலும் தெளிவாக்குகிறது. இளஞ்சேட்சென்னி வழங்கிய அணிகலன்களைக் கண்டறியாத சுற்றத்தார் விரலுக்கு உரியவற்றைச் செவியிலும், செவிக்கு உரியவற்றை விரலிலும் அணிந்துகொண்டனர். சீதை எறிந்த அணிகளைக் குரங்குகள் பூண்டதோடு ஊன்பொதி பசுங்குடையார் இதனை ஒப்பிடுகிறார். இங்கு நகைக்குக் களன் பேதைமை. ஆனால் நகைப்பவர் அச்சுற்றத்துள் ஒருவர். எனவே அது இழிவுபடுத்தும் நகையாகாமல் ஒருங்கிருந்து மகிழும் நகையாகிறது.

வழிக்குறிப்புகளின் இயல்பு

583 அடிகள் கொண்ட மலைபடுகடாத்தில் பெருங்கௌசிகனார் அமைத்துள்ள குறிப்புகள் நடைமுறை சார்ந்தவை. பன்றிக்கு அஞ்சிக் கானவர் கற்பொறி மாட்டியுள்ள வழிகளில் இருள் நீங்கிய பின்னரே செல்ல வேண்டும். தினைப்புனம் காப்போர் வீசும் கவண்கல் கூற்றுவனைப்போல விசையோடு வரும். மரங்களில் மறைந்து கடக்க வேண்டும். வழுக்கும் இடங்களில் கரையோரத் தண்டுகளைப் பற்றிக்கொள்ள வேண்டும். மலைவாழ் குடியினர் மனைகளுக்குள் சொந்த இல்லம்போலத் தயங்காது நுழைந்து, உறவினர்போலக் கேளாமலே அளவளாவலாம்.

இவையும் நன்னனின் நாட்டுப் பெருமையைச் சுட்டுவனவே என மறுப்பு எழலாம். விருந்தோம்பல் பகுதிகளுக்கு அம்மறுப்பு பொருந்தும். மலையின் அருமை அரணின் அருமையைக் காட்டும் என்பதும் ஏற்கத்தக்கதே. ஆனால் எப்பொழுது புறப்படுவது, எதனைப் பற்றி நடப்பது என்னும் குறிப்புகளால் நன்னனுக்குப் புகழ் ஏதும் கூடுவதில்லை. அவற்றால் பயன்பெறுபவன் நடப்பவன் ஒருவனே. ‘அவனிடம் செல்க’ என்று சுருங்கச் சொல்லும் புறநானூற்று ஆற்றுப்படைப் பாடல்களும் புகழ்ச்சியைக் குறைவின்றிச் செய்துவிடுகின்றன. ஆகவே, நெடும்பாடல்களின் வழிக்குறிப்புகளைப் புகழ்ச்சியின் விரிவு என்று மட்டும் கொள்ளுதல் பொருந்தாது.

கைம்மாறு செல்லும் திசை

இப்பரிமாற்றத்தில் எதிர்வருபவன் மறுமொழி கூறுவதில்லை. கேட்டவன் சொன்னவனுக்குத் திருப்பித் தருவதும் ஒன்றுமில்லை. அப்படியாயின் இதனைப் பரிமாற்றம் எனலாமா? மலைபடுகடாம் விடை வைத்திருக்கிறது. பல வழிகள் பிரியும் இடத்தில் துகள் நீக்கிப் புல்லை முடிந்து வைக்குமாறு கூத்தன் அறிவுறுத்துகிறான். அந்நிலத்தை முன்பு அறியாது பின்னால் வருவோர்க்கு அதுவே வழிகாட்டும் அடையாளம். பெற்ற உதவிக்குரிய கைம்மாறு உதவியவனை நோக்கித் திரும்பாமல், இருவரும் காணப்போகாத மூன்றாமவனை நோக்கி முன்செல்கிறது. ஆற்றுப்படை என்னும் துறையே இம்முறையில் இயங்குவது: நேற்றுப் பெற்றவன் இன்று உரைக்கிறான், இன்று கேட்டவன் நாளை உரைப்பான்.

புரவலர் கொடை குறையுடையது; பலர் சென்றால் பங்கு சுருங்கக்கூடும். ஒரே தொழிலைச் செய்வோர் வழியை மறைத்தலே உலகியல். அதற்கு மாறாக வழியைத் திறந்து சொல்லும் ஒருவனைப் படைத்ததில் இப்புலவர்களின் அறநோக்கு வெளிப்படுகிறது. பொருநன், எதிர்வருபவன் வழிதவறாது தன்னைச் சந்தித்தமையை நோன்பின் பயன் என்கிறான். போட்டிக்கு இடமான சந்திப்பு அவன் சொல்லில் நற்பேறாகிவிடுகிறது.

முடிவுரை

ஆற்றுப்படையில் பேசும் கலைஞன் புலவரின் படைப்பு. அப்பாடலை அவையில் கேட்டு மகிழ்பவன் புரவலன். இவ்வுண்மையை மறந்து அதனை நாட்டுநடப்பின் நேர்ப்பதிவாகக் கொள்ளலாகாது. எனினும் புரவலனைப் புகழ்வதற்குப் புலவர்கள் தேர்ந்த வடிவம், ஏழைக் கலைஞர் இருவர் வழியில் நின்று பேசும் பேச்சாகும். தன்னை எள்ளும் நகை சொல்பவனைக் கேட்பவனோடு சமநிலையில் நிறுத்துகிறது. அச்சமநிலையில் சொல்லப்படும் அறிவுரை ஏவலாக ஒலிப்பதில்லை. புரவலனின் ஈகையைப் பாட எழுந்த இந்நூல்கள், கொடுப்பதற்குப் பொருளில்லாதவரும் ஈயத்தக்க ஒன்றைப் பதிவுசெய்துள்ளன. ஆற்றுப்படை ஆய்வுகள் அரசர் கொடைக்கு அளித்த கவனத்தை இவ்வெளியவர் கொடைக்கும் அளித்தல் வேண்டும்.