அண்டர்டேல்: ரீலோட் பண்ணினாலும் மறக்காத விளையாட்டு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கதையின் முடிவு வரைக்கும் பேசப் போகிறேன். இனிமேல்தான் விளையாடப் போகிறீர்கள் என்றால் முடித்துவிட்டு வாருங்கள்.

அண்டர்டேல் 2015 செப்டம்பரில் வந்தது. எழுத்து, இசை, நிரல் என்று பெரும்பகுதி டோபி ஃபாக்ஸ் என்ற ஒரே ஆளின் வேலை. படங்களில் டெம்மி சாங் உதவினார். 2013இல் கிக்ஸ்டார்ட்டரில் கேட்டது 5,000 டாலர், சேர்ந்தது 51,000க்கும் மேல். நான் விளையாடியது ரொம்ப லேட். "யாரையும் கொல்லாமலே முடிக்கலாம்" என்றுதான் எல்லாரும் இதை அறிமுகப்படுத்துவார்கள். என்னைப் பிடித்து உலுக்கியது வேறு ஒன்று.

டர்ன்-பேஸ்டு சண்டைதான். நம் முறையில் அடிக்கலாம், பேச்சுக் கொடுக்கலாம், மன்னித்து விடலாம். எதிராளியின் முறையில் ஒரு சின்னப் பெட்டிக்குள் சிவப்பு இதயத்தை நகர்த்தி, பறந்து வரும் குண்டுகளில் படாமல் தப்பிக்க வேண்டும். ஆரம்பத்தில் டோரியல் என்ற ஆட்டு முக அம்மா நம்மைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போகிறாள், தன் வீட்டில் படுக்கவைக்கிறாள். வெளியே போகணும் என்றால் அவளோடு சண்டை போட்டாக வேண்டும்.

போக்கிமான் வளர்த்த புத்தி எனக்கு. பாதி உயிர் போகும்வரை அடித்துவிட்டு அப்புறம் மன்னித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். உயிர் ஓரளவுக்குக் கீழே இறங்கியதும் அடுத்த அடி பல மடங்காக விழுந்தது. டோரியல் செத்துப்போனாள். தூக்கிவாரிப் போட்டது. உடனே ரீலோட். இந்தத் தடவை அடிக்கவே இல்லை, மன்னிப்பை மட்டும் திரும்பத் திரும்ப அழுத்தினேன், கடைசியில் வழிவிட்டாள். நடுவில் அவளிடம் பேச முயன்றபோது, 'நீங்க செத்ததைப் பார்த்தேன்' என்று சொல்ல நினைத்து விட்டுவிட்டாய் என்பதுபோல ஒரு வரி வந்தது. வெளியே வந்தால் ஃப்ளவி என்ற பூ, நீ அவளைக் கொன்றது எனக்குத் தெரியும், மனசு கேட்காமல் திரும்பி வந்திருக்கிறாய் என்கிறது.

இது எப்படி என்று ஃபோல்டரைத் திறந்து பார்த்தேன். நாம் சேவ் செய்யும் கோப்பு ஒன்று. அண்டர்டேல்.ஐஎன்ஐ என்று தனியாக இன்னொன்று. ரீலோட் முதல் கோப்பைத்தான் பின்னால் இழுக்கிறது, இரண்டாவது அப்படியே இருக்கிறது. டேட்டாபேஸில் ரோல்பேக் செய்தால் தரவு பழைய நிலைக்குப் போகும், ஆனால் நடந்தது லாகில் இருக்கும் இல்லையா, அதே கதை. முப்பது வருஷமாக எத்தனையோ விளையாட்டில் ரீலோட் செய்திருக்கிறேன். அதை 'தப்பைத் திருத்துவது' என்றே நினைத்து வந்தேன். நான் செய்தது தப்புக்குச் சாட்சி இல்லாமல் ஆக்குவது மட்டும்தான் என்று ஒரு பத்து வரி நிரல் காட்டிவிட்டது.

குறை இல்லாமல் இல்லை. டோரியல் சாவது ஒரு பொறி. தெரியாமல் விழவைத்துவிட்டுக் குற்றவாளி என்றால் நியாயமா? கொன்றதற்கு என்றால் நியாயமில்லை. ஆனால் ஃப்ளவி கிண்டல் செய்வது மூடி மறைத்ததை, அது முழுக்க என் சொந்த முடிவு. இரண்டாவது குறை இன்னும் பெரிசு. போகப்போக கருணை என்பது பூட்டுத் திறக்கும் விளையாட்டாகிவிடுகிறது. சரியான பொத்தானை அழுத்தினால் பெயர் மஞ்சளாகும், மன்னி, அடுத்த ஆள். அங்கே நான் யார்மேலும் இரக்கப்படவில்லை, செக்லிஸ்ட்தான் முடித்தேன். டோரியலிடம் எந்தப் பேச்சும் பலிக்காது, பிடிவாதம் மட்டும்தான் பலிக்கும். அதனால்தான் அந்தச் சண்டை மனசில் நிற்கிறது.

எல்லாரையும் கொல்லும் பாதையும் உண்டு. அதில் விளையாட்டு வேண்டுமென்றே அலுப்பாகிறது. கடைசியில் உலகமே அழிந்து திரை இருட்டாகும். உலகம் திரும்ப வேண்டுமென்றால் உன் ஆன்மாவைக் கொடு என்று பேரம் நடக்கும். கொடுத்துவிட்டு, பிறகு எவ்வளவு நல்ல பிள்ளையாக விளையாடினாலும் அந்த நல்ல முடிவில் கறை படிந்திருக்கும். இதையும் கணினியில் ஒரு கோப்புதான் நினைவில் வைத்திருக்கிறது. தேடிப்பிடித்து அழித்தால் கறை போய்விடும்.

நான் அந்தப் பாதையில் போகவில்லை. ஆனால் டோரியல் விஷயத்தில் ஐஎன்ஐ கோப்பை டெலீட் செய்யக் கை போனது, ஒத்துக்கொள்கிறேன். செய்திருந்தால் ஃப்ளவி வாயை மூடியிருக்கும். கோப்பு எங்கே இருக்கிறது என்று தேடிப்போன ஆளுக்கு மட்டும் மறந்திருக்காது. அதனால் விட்டுவிட்டேன். அது இன்னும் என் லேப்டாப்பில் இருக்கிறது.