பாடி கட்டும் ஊரில் ஒரு கைத்தடி

எங்க அம்மாயிக்கு வயசு எண்பதைத் தாண்டிடுச்சு. உயரம் நாலடி எட்டு அங்குலம். அதுவும் முதுகு நிமிர்ந்திருந்த காலத்துக் கணக்கு. வலது முழங்கால் தேய்மானம் என்று தெரிந்ததும் டவுனில் இருக்கும் சொந்தக்காரர் ஒருத்தர் அலுமினியக் கைத்தடி ஒன்று வாங்கிவந்து கொடுத்தார். ஆறு மாசம் கழித்து ராசிபுரம் பக்கம் ஊருக்குப் போனபோதுதான் கவனித்தேன். அம்மாயி தடியை ஊன்றவே இல்லை, கூடவே தூக்கிக்கொண்டு நடக்கிறார். எப்போதாவது ஊன்றினால் வலது தோள்பட்டை காதுப்பக்கம் ஏறுகிறது. முழங்கால் வலி அப்படியே இருக்க, தோள்வலி புதுசாகச் சேர்ந்திருந்தது.

இந்தக் குறிப்பு அந்தத் தடியைப் பற்றிய விமர்சனம். தடியை மட்டும் குறை சொல்வதற்கில்லை, அதை அப்படியே விட்டுவைத்த எங்களையும் சேர்த்துத்தான்.

முதலில் அளவு. கைத்தடிக்கான கணக்கு ரொம்ப எளிது. வழக்கமாகப் போடும் செருப்போடு நிற்கவைத்து, கையைத் தளர்வாகத் தொங்கவிடச் சொல்லணும். மணிக்கட்டில் கோடு விழும் இடத்திலிருந்து தரை வரைக்கும் எவ்வளவோ அதுதான் தடியின் உயரம். அந்த உயரத்தில் கைப்பிடியைப் பிடித்தால் முழங்கை சுமார் 20 முதல் 30 டிகிரி மடங்கியிருக்கும். அந்தச் சின்ன மடக்கில்தான் விஷயமே இருக்கிறது. கையை நீட்டித் தடியை அழுத்த அப்போதுதான் பலம் கிடைக்கும். தடி நீளமானால் முழங்கை அதிகம் மடங்கி, தோள் தூக்கிக்கொள்ளும், அழுத்த முடியாது. குட்டையானால் உடம்பு ஒருபக்கம் சாயும்.

அழுத்தம் எதுக்கு என்றால், ஒரு காலைத் தூக்கி மறு காலில் நிற்கும் அந்த நொடியில் இடுப்பு மூட்டில் விழும் பளு நம் உடல் எடையைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். உடம்பு சாயாமல் இருக்க இடுப்புத் தசை இழுக்கும் இழுப்பும் அதோடு சேர்ந்துகொள்வதுதான் காரணம். எதிர்ப்பக்கக் கையில் தடி பிடித்துக் கொஞ்சம் அழுத்தினால் தசையின் வேலை குறைந்துவிடும். மில்வாக்கியில் இருந்த எலும்பு மருத்துவர் வால்டர் பிளவுன்ட் 1956-இல் இதையே வலியுறுத்தி ஒரு கட்டுரை எழுதினார். கைத்தடியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள் என்பதுதான் அதன் தலைப்பின் பொருள். முழங்காலுக்கும் அதே விதிதான். வலது கால் வலிக்குத் தடி இடது கையில் இருக்கணும். அம்மாயி வலது கையில் பிடித்திருந்தார். ஆறு மாசமாக ஒருத்தரும் சொல்லவில்லை, நானும்தான்.

அடுத்து 'அட்ஜஸ்டபிள்' என்ற சொல். இரண்டு குழாய், ஒன்றுக்குள் ஒன்று. மேல்குழாயில் அங்குலத்துக்கு ஒன்றாகப் பத்துத் துளை, உள்குழாயில் ஒரு ஸ்பிரிங் பொத்தான். ஆளுக்குத் தகுந்தபடி ஏற்றி இறக்கிக்கொள்ளலாம் என்பதுதான் இதன் பெருமை. பொத்தானைக் கடைசித் துளைக்கு இறக்கி டேப் வைத்தேன், 29 அங்குலம். கூன் விழுந்த நிலையில் அம்மாயியின் மணிக்கட்டு தரையிலிருந்து 26 அங்குலம். மேலே 38 வரைக்கும் போகிற தடி கீழே மூன்று அங்குலம் இறங்க மாட்டேன் என்கிறது. 38 அங்குலத் தடி வேண்டுமென்றால் ஆள் ஆறடியைத் தாண்டியிருக்கணும். எங்க ஊரில் அப்படி எத்தனை பேர் கைத்தடி ஊன்றி நடக்கிறார்கள்? நாலடி எட்டில் கூன் விழுந்த பாட்டிகள் தெருவுக்கு இரண்டு பேராவது இருப்பார்கள். ஆக, ஏற்றி இறக்கும் வசதி இருக்கிறது, ஆனால் அது வேறு யாரோ ஒரு உடம்பை மனசில் வைத்துச் செய்தது.

இதே நேரத்தில் பனிச்சறுக்குக் கம்புகளைப் பற்றிக் கொஞ்சம் படித்துக்கொண்டிருந்தேன். குல்மார்க்கிலும் ஔலியிலும் சறுக்கப் போகிறவர்கள் இரண்டு கையிலும் பிடிக்கிறார்களே, அதுதான். ஐந்து ஐந்து சென்டிமீட்டர் இடைவெளியில் அளவுகள் உண்டு. உயரத்தை 0.7-ஆல் பெருக்கினால் தோராயமான நீளம் வரும். கடையில் கம்பைத் தலைகீழாகத் திருப்பி, நுனிக்கு அருகே இருக்கும் வட்டத்தட்டுக்குக் கீழே பிடித்துப் பார்ப்பார்கள். முழங்கை 90 டிகிரி வந்தால் சரி. பனியில் அந்தத் தட்டு வரைக்கும் நுனி புதைந்துவிடும் என்பதால் அந்த அளவைக் கழித்துக்கொள்கிறார்கள். கம்பு நீளமாகத் தெரிந்தால் வீட்டிலேயே வெட்டிக்கொள்வதும் சகஜம். கைப்பிடி மேல் சுடுதண்ணி ஊற்றி, இளகினதும் முறுக்கி உருவி, குழாயின் மேல்முனையை வெட்டிவிட்டு, திரும்பக் கைப்பிடியை ஏற்றிவிடுவார்கள். கீழே வெட்ட மாட்டார்கள். நுனிப்பக்கம் குழாய் சிறுத்துக்கொண்டே போகும், தட்டும் அங்கேதான் இருக்கு.

விளையாட்டுக்குப் போகிற உடம்புக்கு இவ்வளவு கணக்கு. நம்ம சிலம்பத்திலும் அதேதான். கம்பை நேராக நிறுத்தினால் ஆடுகிறவரின் நெற்றியைத் தொடணும் என்று ஆசான்கள் பார்த்துத்தான் கொடுப்பார்கள். சேஸை ஓட்டிக்கொண்டு வந்தால் அளவெடுத்து லாரி பாடி கட்டித் தருகிற ஊர் நாமக்கல். பக்கத்தில் திருச்செங்கோட்டில் லாரி மேல் போர்வெல் ரிக்கையே ஏற்றி உட்காரவைக்கிறார்கள். அளவெடுக்கத் தெரியாத ஜனம் இல்லை நாம். விழுந்தால் இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் கிடக்க வேண்டிய வயசுக்காரர்களின் தடிக்கு மட்டும் அளவு பார்ப்பதில்லை. தடி வாங்கிக் கொடுத்ததோடு கடமை முடிந்துபோகிறது.

"வெட்டிடலாம் அம்மாயி, மூணு அங்குலம்தான்" என்றேன்.

"நல்ல சாமானை எதுக்குக் கண்ணு வெட்டறே? எனக்கப்பறம் யாருக்காச்சும் ஆகும்" என்றார்.

மாமாவும் அதையே வேறு வார்த்தையில் சொன்னார். எனக்கு அந்த இடத்தில்தான் சுருக்கென்றது. தடி நீளம் என்பது எல்லாருக்கும் தெரிந்தே இருந்திருக்கிறது. இன்னும் எத்தனை நாளைக்கு என்று ஒரு கணக்கு எல்லார் மனசிலும் ஓடியிருக்கிறது, அந்தக் கணக்கில் தடிதான் ஜெயித்திருக்கிறது. வளர்கிற பிள்ளையின் கம்பை வெட்டாமல் வைத்தால் அதில் ஒரு நியாயம் உண்டு, அடுத்த வருஷம் அவனுக்கே ஆகும். வயசானவர்களின் உடம்பு அப்படி வளரப்போவதில்லை.

அவர்கள் பயத்தில் கணக்குப் பிழையும் இருந்தது. உள்குழாயின் அடிமுனையில் மூன்று அங்குலம் வெட்டினால் துளைகள் அப்படியே இருக்கும். 29 முதல் 38 வரை இருந்த தடி 26 முதல் 35 வரைக்கும் ஆகும், அவ்வளவுதான். 35 அங்குலம் நல்ல உயரமான ஆளுக்கே போதும். யாருக்காவது ஆகணும் என்றால் வெட்டின தடிதான் எங்க ஊரில் அதிகம் பேருக்கு ஆகும். இதைச் சொன்ன பிறகு மாமாவே ஆக்சா பிளேடை எடுத்துவந்தார்.

செய்தது இதுதான். ரப்பர் புஷ்ஷைக் கழற்றினோம். வெட்டுமிடத்தில் இன்சுலேஷன் டேப் சுற்றி அதன் விளிம்பைக் கோடாக வைத்து அறுத்தோம், கோணல் வராது. முதலில் இரண்டரை அங்குலம்தான் எடுத்தோம். நடக்கவிட்டுப் பார்த்து மீதி அரை அங்குலம். அறுத்த விளிம்பை அரத்தால் ராவினோம், இல்லையென்றால் ரப்பரை உள்ளிருந்தே கிழித்துவிடும். குழாய் மேலிருந்து கீழ் ஒரே பருமன் என்பதால் அதே புஷ் திரும்ப ஏறியது. மரத்தடி என்றால் அடியில் சிறுத்து இருக்கும், வெட்டினதும் பருமன் கூடிவிடும், அடுத்த அளவு புஷ் வாங்கணும். அளவெடுக்கும்போது முதுகை நிமிர்த்தச் சொல்லாதீர்கள். நடக்கும்போது உடம்பு எப்படி இருக்கோ அப்படியே எடுக்கணும்.

கைப்பிடி இன்னொரு குறை. வழவழ பிளாஸ்டிக், வேர்த்த கையில் வழுக்கும். அம்மாயி பிடிக்கு ஒல்லியாகவும் இருந்தது. பழைய சைக்கிள் டியூபை ஒரு விரல் அகலத்துக்கு நீளவாக்கில் வெட்டி, இழுத்துப் பிடித்து இரண்டு சுற்றுச் சுற்றி, கடைசி முனையை அடியில் செருகினோம். கம் எதுவும் தேவைப்படவில்லை.

இடது கைக்கு மாற இரண்டு வாரம் ஆனது. இப்போது வாசலிலிருந்து மாட்டுக்கொட்டாய் வரைக்கும் தடியை ஊன்றித்தான் போகிறார். முழங்கால் தேய்ந்தது தேய்ந்ததுதான், தடி அதைச் சரிசெய்யாது. தோள்வலி மட்டும் குறைந்திருக்கு.

வீட்டில் பெரியவங்க யாராவது தடி வைத்திருந்தால் ஒரு தரம் மணிக்கட்டுக்கு நேராகப் பிடித்துப் பாருங்க. வெட்ட வேண்டியிருந்தால் வெட்டிடுங்க, யாருக்காகவும் எடுத்து வைக்காதீங்க.