டிரெய்லரில் யூ.டி.வி.யைக் கட்ட எந்த பெல்ட்?

பண்ணை வேலைக்கும் காட்டுப் பாதைக்கும் வாங்கும் ஏ.டி.வி., யூ.டி.வி. வண்டிகளைப் பொதுவாக நம் ஊரில் சாலையில் ஓட்ட முடியாது. டிராக்டராகப் பதிவு செய்துகொள்ளும்படி 2021இல் வந்த போலாரிஸ் ஸ்போர்ட்ஸ்மேன் 570 டிராக்டர் போன்றவை விதிவிலக்கு. மற்றதெல்லாம் சர்வீசுக்குப் போவதானாலும் இன்னொரு வண்டியின் முதுகில்தான் போக வேண்டும். பைக்போல் ஏறி ஓட்டும் சாதாரண ஏ.டி.வி. என்றால் குட்டியானை போதும், ஏறக்குறைய 2.1 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம் என்பதால் மட்டுமட்டாக உட்கார்ந்துவிடும். இரண்டு பேர் பக்கம் பக்கமாக உட்காரும் போலாரிஸ் ரேஞ்சர் 570 போன்ற யூ.டி.வி.க்கு 2.8 மீட்டர் நீளமும் ஒன்றரை மீட்டர் அகலமும் வேண்டும். அதற்கு டிரெய்லர்தான் வழி.

முடிச்சூரில் நண்பர் ஒருவரின் பட்டறையிலிருந்து மதுராந்தகம் பக்கத்துப் பண்ணைக்கு அப்படி ஒரு யூ.டி.வி. அடிக்கடி போய்வருகிறது. அதை வைத்து மூன்று விதமான கட்டுகளைப் பரிசோதித்தேன்: லாரிகளில் பார்க்கும் நைலான் கயிறு, பைக் கட்டுவதற்கென விற்கும் 25 மி.மீ. ராட்செட் பெல்ட், பாரிமுனையில் வாங்கிய 50 மி.மீ. ராட்செட் பெல்ட். கடைசி ரகத்துடன், ரெக்கவரி வேன்காரர்கள் டயர்மேல் போடுகிற வீல் பட்டையையும் சேர்த்துக்கொண்டேன். பாதை எப்போதும் ஒன்றுதான்: முடிச்சூர் உள்தெருக்களின் வேகத்தடைகள், வெளிவட்டச் சாலை, வண்டலூர், பிறகு ஜி.எஸ்.டி. சாலையில் பரனூர் சுங்கச்சாவடி தாண்டி செங்கல்பட்டு வழியாக.

முதல் சோதனைச் சாவடி ஊரப்பாக்கம் தாண்டி ஒரு பெட்ரோல் பங்க். அங்கே நிறுத்திக் கட்டுகளைத் தொட்டுப் பார்த்தாலே பாதி விமர்சனம் முடிந்துவிடும்.

நைலான் கயிறு அங்கேயே தோற்றது. கையால் ஆட்டினால் ஆடியது. பட்டறைப் பையன் கேட்டான்: "அண்ணே, லாரிக்காரங்க இதே கயித்துல பத்து டன் கட்டிட்டுப் போறாங்களே?" நியாயமான கேள்வி. மூட்டையும் மரமும் தன் எடையால் தளத்தில் அழுந்திக் கிடப்பவை. அவற்றுக்குச் சக்கரமும் இல்லை, ஸ்பிரிங்கும் இல்லை. யூ.டி.வி.க்கு இரண்டும் உண்டு. போதாக்குறைக்கு நைலான் இழுத்தால் நீளும், நனைந்தால் இன்னும் நீளும். நவம்பர், டிசம்பரில் தாம்பரத்து மழையில் அதை நம்பி ஜி.எஸ்.டி. சாலையில் ஏறக் கூடாது. ராட்செட் பெல்ட்டுகள் பெரும்பாலும் பாலியெஸ்டர். நீட்சி குறைவு, நனைந்தாலும் பலம் அவ்வளவாகக் குறையாது.

25 மி.மீ. பெல்ட் அறவில்லை, நழுவவுமில்லை. கெட்டது கொக்கிதான். பெல்ட்டை வண்டியின் சேஸியிலிருந்து டிரெய்லர் வளையத்துக்குக் கட்டியிருந்தோம். வேகத்தடையில் டிரெய்லர் குதிக்கும்போது யூ.டி.வி.யின் சஸ்பென்ஷன் அமுங்குகிறது. இந்த ரக வண்டிகளில் அது இருபது சென்டிமீட்டருக்கு மேலும் இறங்கி ஏறும். அமுங்குகிற அந்த நொடியில் பெல்ட் தொய்ந்துவிடும். பூட்டு நாக்கு இல்லாத திறந்த கொக்கி வளையத்தை விட்டு விலக அந்த நொடி போதும். பங்க்கில் பார்த்தபோது பின்பக்க இடது கொக்கி வளையத்தின் விளிம்பில் தொற்றிக்கொண்டிருந்தது. அறுந்த பெல்ட் கண்ணில் படும். தளர்ந்த கட்டு கண்ணாடியில் பார்த்தால் ஒழுங்காகக் கட்டியதுபோலவே தெரியும். எனக்கு இதுதான் பெரிய பயம்.

அதனால் 50 மி.மீ. பெல்ட்டைச் சேஸியில் கட்டவே இல்லை. நான்கு டயர்களின் மேலும் வீல் பட்டையைப் போட்டு, டயரையே தளத்தோடு பிடித்துக் கட்டினோம். இப்போது மேலே சஸ்பென்ஷன் எவ்வளவு ஆடினாலும் கட்டுக்குக் கவலையில்லை, ஏனென்றால் டயர் இடத்தை விட்டு நகர்வதில்லை. அதே பங்க்கில் ராட்செட்டை இழுத்துப் பார்த்தேன். ஒரே ஒரு பல் மட்டும் ஏறியது. செங்கல்பட்டில் அதுவும் இல்லை. வீல் பட்டை கிடைக்காதவர்கள் சேஸியில் கட்டினால், ஸ்பிரிங் கொஞ்சம் அமுங்கும் வரை இறுக்க வேண்டும். பம்பரிலும் மேல்கூண்டுக் குழாயிலும் கொக்கி மாட்டவே கூடாது.

பெல்ட்டின் பலம் பற்றி ஒரு சின்னக் கணக்கு. லேபிளில் பெரிதாக அச்சிட்ட "5 டன்" என்பது பெரும்பாலும் அறும் அளவு. வேலைக்கு நம்பக்கூடிய அளவு அதில் பாதி என்பது ஐரோப்பிய வழக்கம். மூன்றில் ஒரு பங்கு என்பது அமெரிக்க வழக்கம். இந்த நம்பக்கூடிய அளவை லேபிளில் எல்.சி. அல்லது டபிள்யூ.எல்.எல். என்று எழுதியிருப்பார்கள், அதையே பார்க்க வேண்டும். அதில் டேகாநியூட்டன் என்ற அலகு இருந்தால், ஒரு டேகாநியூட்டனை ஏறக்குறைய ஒரு கிலோ எடை என்று வைத்துக்கொள்ளலாம். இனி வண்டி. 600 கிலோ யூ.டி.வி.யை வைத்துக்கொண்டு திடீர் பிரேக் அடித்தால், அது எடையில் 80 சதவீத விசையோடு முன்னால் பாயும் என்று கணக்கிட்டுக் கட்ட வேண்டும். பக்கவாட்டுக்கும் பின்பக்கத்துக்கும் 50 சதவீதம். அதாவது முன்பாய்ச்சல் 480 கிலோ. அதைத் தாங்குவது பின்னோக்கி இழுக்கும் இரண்டு பெல்ட்டுகள். அவை 45 டிகிரிச் சரிவில் இருந்தால் ஒவ்வொன்றும் சுமார் 340 கிலோ தாங்க வேண்டும். நல்ல 25 மி.மீ. பெல்ட்டே இதைத் தாங்கும். அப்படியானால் 50 மி.மீ. எதற்கு? அகலத்துக்காக அல்ல, அதோடு வரும் கனமான கொக்கிக்காகவும், உறுதியாகப் பிடித்து இழுக்க இடம்தரும் நீண்ட கைப்பிடிக்காகவும்.

50 மி.மீ. ரகத்தில் குறைகளும் உண்டு. இரட்டை விரல் கொக்கி அகலமானது. நம் பட்டறைகளில் அடிக்கும் சிறிய டி வளையத்துக்குள் நுழையாது. பெல்ட்டை ராட்செட்டின் உருளையில் கோத்ததும் தொய்வை முழுக்கக் கையாலேயே இழுத்துவிட வேண்டும். சோம்பல்பட்டுக் கைப்பிடியாலேயே சுருட்டினால் உருளை நிரம்பிப் பெல்ட் சிக்கிக்கொள்கிறது, அவிழ்க்க ஸ்குரூ டிரைவர் தேவைப்படுகிறது. இரண்டு, மூன்று சுற்று உருளையில் இருந்தால் சரி. மழைக்காலம் முடிவதற்குள் ராட்செட்டின் பற்களில் துரு பிடித்தது. எண்ணெய் விட்டபின் ஓடுகிறது.

பெல்ட்டுக்குச் செலவழித்த கவனம் வளையத்துக்கும் வேண்டும். எங்கள் டிரெய்லரின் டி வளையங்கள் செக்கர் பிளேட்டின் மேல் நேராக வெல்டு வைக்கப்பட்டிருந்தன. கீழே குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தபோது, வளையம் இருந்த இடத்தில் குறுக்குச் சட்டமே இல்லை. வெல்டர் அண்ணனிடம் சொன்னபோது, "பிளேட்டு தாங்கும் சார்" என்றார். தகடு வளையும், பிறகு கிழியும் என்று பேசி, சி சேனல் சட்டத்திலேயே வைத்துத் தரச் சொன்னோம். அவர் வைத்துக் கொடுத்த வேலை அருமையானது.

கியரைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பைக், கார் ஓட்டிப் பழகியவர்கள் "கியரில் போட்டால் நிற்கும்" என்று விடுவார்கள். இந்த வண்டிகளில் பெரும்பாலும் பெல்ட்டில் ஓடும் சி.வி.டி. இன்ஜின் நின்றதும் கிளட்ச் பெல்ட்டைப் பிடிப்பதில்லை, எனவே கியரில் கிடந்தாலும் வண்டி உருளும். பார்க் என்று தனி நிலை இருந்தால் அதில் போட்டு, கை பிரேக்கும் போட்டு, டயருக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை வைக்க வேண்டும். முகப்பு முன்னோக்கி இருக்கட்டும். பின்னோக்கி ஏற்றினால் காற்று விண்ட்ஷீல்டின் உட்புறம் புகுந்து பிடுங்கும். கழற்றக்கூடிய கண்ணாடியும் கூரையும் கழற்றி வருவதே நல்லது.

எடை எங்கே உட்காருகிறது என்பதும் கட்டின் ஒரு பகுதிதான். ரேஞ்சர் வகையில் இன்ஜின் பின்பக்கம். வண்டியை டிரெய்லரில் ரொம்பப் பின்னால் நிறுத்தினால் காரோடு இணையும் இழுவை முனை லேசாகி, வண்டலூர் மேம்பாலத்திலிருந்து இறங்கும்போது டிரெய்லர் வால் ஆட ஆரம்பிக்கும். டிரெய்லரும் வண்டியும் சேர்ந்து 900 கிலோ என்றால், இழுவை முனையில் 90 கிலோவுக்குக் குறையாமல் இறங்க வேண்டும் என்று அமெரிக்க வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. இழுக்கும் காரின் கையேடு அந்த எடையை அனுமதிக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். கட்டும் முன்பே வண்டியை முன்னும் பின்னும் நகர்த்தி இதைச் சரிசெய்ய வேண்டும். சாய்பலகையோ பொருளோ டிரெய்லரை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், 2019 திருத்தத்துக்குப் பின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194(1ஏ) பிரிவில் அபராதம் 20,000 ரூபாய்.

தென்சென்னைப் புறநகரின் பொறியியல் மாணவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. 2007இல் தொடங்கிய பாஹா எஸ்.ஏ.இ. இந்தியா போட்டிக்குக் கல்லூரி அணிகள் தாங்களே கட்டிய ஒற்றை இருக்கை வண்டிகளை மத்தியப் பிரதேசத்துப் பீதம்பூர் வரை லாரியில் அனுப்பியிருக்கின்றன. அந்த வண்டிகள் யூ.டி.வி.யைவிட மிக லேசு, ஆனால் அவற்றிலும் சஸ்பென்ஷன் ஆடும். ஒரு சேஸிக் குழாயில் பெல்ட்டைச் சுற்றி அனுப்புவதைவிடச் சக்கரங்களைக் கட்டி அனுப்புவதே அவர்களுக்கும் சரி.

வாங்குவோருக்கு: 50 மி.மீ. பாலியெஸ்டர், எல்.சி. அளவு தைத்த லேபிள், பூட்டு நாக்குள்ள கொக்கி, நான்கு வீல் பட்டை. நீளம் மூன்று மீட்டர் போதும். ஆறு மீட்டர் வாங்கினால் மிச்ச வாலைச் சுருட்டிக் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் அது அவிழ்ந்து டிரெய்லர் சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும். முடிச்சுப் போட்டு நீளத்தைக் குறைக்காதீர்கள், முடிச்சு விழுந்த இடத்தில் பெல்ட் வெகுவாகப் பலமிழக்கும். ஓரத்தில் கீறல் விழுந்ததையும் லேபிள் கழன்றதையும் பட்டறையில் வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளலாம், டிரெய்லருக்கு வேண்டாம்.